மாட்டாஸ்பத்திரிக்கு வந்த நாய்

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் அரசுப் பலகை ‘கால்நடை மருந்தகம்’ என்று சொல்லும். ஊரார் வாயில் அது மாட்டாஸ்பத்திரி. அங்கிருப்பவர் மாட்டு டாக்டர். வீட்டு நாய் நொண்டினாலும், பூனை இரண்டு நாளாகச் சோறு தொடாவிட்டாலும், கிளியின் இறக்கை முறிந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் அந்த மாட்டாஸ்பத்திரிதான். மாட்டை அசையாமல் நிறுத்தி ஊசி போடுவதற்கான இரும்புக் குழாய்ச் சட்டம் வாசலில் சிமெண்டில் புதைந்து நிற்கும். அதில் நாயை நிறுத்தினால் அது பாட்டுக்குக் கீழ்க்குழாய்க்கு அடியில் நுழைந்து வெளியே வந்துவிடும். நாய்க்கான இடம் உள்ளே, டாக்டரின் நாற்காலியை ஒட்டிய மேசை; கடிக்காமல் வாயைச் சுற்றிக் கட்ட ஒரு முழம் காஸ் துணி. வாசல் சட்டத்துக்கும் உள்ளே உள்ள மேசைக்கும் பத்தடிதான் இருக்கும். அதைக் கடக்க நாய்க்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. செல்லப்பிராணிக்கு வைத்தியம் என்றாலே வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாற்றைப் புரட்டினால் கதை வேறாக இருக்கிறது. நோயாளியைத் தூக்கிவந்தது அன்பு. ஆஸ்பத்திரியைக் கட்டியது குதிரையும் மாடும். அதன் கதவை நாய்க்குத் திறந்துவிட்டதோ, மனிதன் தன் உயிருக்குப் பயந்த பயம்.

அன்பு பழையது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து, அதாவது 7ஆம் நூற்றாண்டின் நடுகல் ஒன்று உண்டு. வீழ்ந்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், திருடர் இருவரைக் கடித்துத் துணைநின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. கன்னட நாட்டு ஆதகூரில் 10ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, காட்டுப்பன்றியோடு மோதி மாண்ட காளி என்ற வேட்டை நாயை நினைவுகூர்கிறது. பெயர் சொல்லி நாய்க்குக் கல் நட்ட சமூகத்துக்கு அதன்மேல் பாசம் இல்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் அந்தப் பாசம் மருத்துவமாக விரிந்ததா என்று பார்த்தால், ஏடுகள் வேறொரு வரிசையைக் காட்டுகின்றன. யானைக்குப் பாலகாப்பியர் பெயரால் வழங்கும் நூல் உண்டு. குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரால் ஒன்று. தமிழில் மாட்டு வாகடங்கள் உண்டு. இவையெல்லாம் படையையும் ஏரையும் சுமந்த விலங்குகள். மாடு என்ற சொல்லுக்கே பழந்தமிழில் செல்வம் என்று பொருள். திருக்குறளும் அந்தப் பொருளில் அதை ஆள்கிறது. செல்வத்துக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்த்தார்கள். நாய்க்கு நோய் வந்தால் அது தானே அருகம்புல்லைத் தின்று வாந்தியெடுத்துச் சரியாகிக்கொள்ளும் என்று விட்டார்கள். இறந்தபின் நாய்க்குக் கல் கிடைத்தது, உயிரோடு இருக்கையில் ஒரு வாகடம் கிடைக்கவில்லை.

நவீன கால்நடை மருத்துவமும் இதே வரிசையில்தான் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெக்கை நோய் மாட்டு மந்தைகளைத் துடைத்தெறிந்துகொண்டிருந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1761இல் குளோட் பூர்ஷ்லா உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி பெற்றதற்கு முக்கியக் காரணம் அந்தக் கொள்ளைநோய். லண்டனில் 1791இல் கல்லூரி தொடங்கியபோது அதன் கவனமெல்லாம் குதிரைமேல் இருந்தது. வண்டி, படை, தபால், உழவு எல்லாம் குதிரையால் ஓடிய நாட்டில் அது இயல்புதான். விலக்காகச் சிலர் இருந்தார்கள். டெலபியர் பிளேன் 1817இல் நாய்நோய்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவரோடு தொழில் செய்த வில்லியம் யூவாட் 1845இல் நாயைப்பற்றித் தனி நூல் வெளியிட்டார். இருந்தாலும் நாய் பார்ப்பது குதிரை வைத்தியருக்குக் கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் அந்த நூற்றாண்டு முழுக்க நீடித்தது. 20ஆம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி குதிரையைத் தெருவிலிருந்து அகற்றியபிறகே அந்தத் தொழிலின் கண் நாயின்மேல் திரும்பியது. அதிலும் ஏழைகளின் விலங்குகளுக்கு முதலில் கதவு திறந்தது மருத்துவர்கள் கையால் அல்ல. மரியா டிக்கின் என்ற பெண்மணி 1917இல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ஒரு நிலவறையில், பணம் கொடுக்க இயலாதவர்களின் விலங்குகளுக்காக இலவச மருந்தகம் தொடங்கினார். பட்டம் பெறாதவர்கள் வைத்தியம் செய்வதா என்று தொழில்முறை மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனாலும் தெருக்கோடி ஏழையின் நாய் ஒரு நோயாளி என்பதை அவர்களுக்கு உணர்த்தியது அந்த நிலவறை வாசலில் நின்ற வரிசை.

இந்தியாவுக்கு இந்த மருத்துவம் வந்தது படைக் குதிரையின் முதுகிலும் மாட்டுக் கொள்ளைநோயின் பின்னாலும். வெக்கை நோயை ஆராய அமைந்த ஆணையம் 1871இல் அறிக்கை கொடுத்தது. 1882இல் லாகூரிலும் 1886இல் பம்பாயிலும் கால்நடைக் கல்லூரிகள் எழுந்தன. இமயத்தின் அடிவாரத் தொடரில் உள்ள முக்தேஸ்வர் ஆய்வகம் வெக்கை நோய்க்கு மருந்து காண்பதையே தலையாய வேலையாகக் கொண்டது. சென்னையின் முறை 1903 அக்டோபர் 1இல் வந்தது. சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் இருபது மாணவர்களோடு கல்லூரி தொடங்கிற்று. ஆங்கிலத்தில் வண்டியிழுக்கும் சாதுக் குதிரையை டாபின் என்று செல்லமாக அழைப்பது வழக்கம். பெயர்ப் பொருத்தம் தானாக அமைந்தது. இரண்டு ஆண்டில் கல்லூரி வேப்பேரிக்கு மாறியது. 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கிய முதல் கல்லூரி என்ற பெயரையும் பெற்றது. அங்கே படித்து வெளியே வந்தவரை மாகாண அரசு அனுப்பிய இடம் கிராமம்; கொடுத்த வேலை உழவு மாட்டையும் கறவை மாட்டையும் காப்பது. இங்கிலாந்துக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு இங்கேதான் விழுகிறது. அங்கே குதிரை மறைந்து, அந்தக் காலியிடத்தில் நாய் வந்து உட்கார்ந்தது. இங்கே ஜட்கா வண்டிக் குதிரை மறைந்தாலும் மாடு மறையவில்லை. ஆகவே நாய்க்குக் காலியிடம் எதுவும் கிடைக்கவில்லை. மாட்டுக்காகக் கட்டிய இடத்தில் ஓரமாக ஒதுங்கித்தான் நிற்கமுடிந்தது. மாட்டாஸ்பத்திரி என்ற பெயர் இன்றுவரை மாறாததன் சூட்சுமம் இதுவே.

ஓரமாக நின்ற நாயை மருத்துவத்தின் நடுவுக்கு இழுத்துவந்தது ரேபிஸ். பாரிஸில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசி தொடங்கினார். 1900இல் இமயத்தின் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் அமைந்தது. தென்னாட்டில் கடிபட்டவர்களுக்கு அந்த ஊர் எட்டாத தொலைவு. ரயிலேறி நாட்கணக்கில் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடலாம். குன்னூரில் 1907இல் ஒரு பாஸ்டர் நிலையம் எழுந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய தடுப்பு மருந்து, நோய்க்கிருமி ஏற்றிய விலங்கின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. கார்பாலிக் அமிலம் கிருமியைச் செயலிழக்கச் செய்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் பாட்டிமார் மிரட்டினார்களே, அந்த ஊசி இதன் வழிவந்ததுதான். சிலருக்கு அதுவே பக்கவாதத்தைக் கொண்டுவந்த கொடுமையும் உண்டு. இந்தியா 2004 இறுதியில்தான் அதன் தயாரிப்பைக் கைவிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் ரேபிஸ் மருத்துவம் என்பது கடிபட்ட மனிதனுக்கான மருத்துவம். கடித்த நாய்க்கு அதில் இடமில்லை. அதற்கென நகராட்சியிடம் இருந்தது சுருக்குக் கயிறும் நாய்வண்டியும்.

நாய் எப்போது நோயாளியாக மாறியது? கொன்று தீர்க்கமுடியாது என்று தெரிந்தபோது. சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை அறுவை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்ற யோசனையை 1964இலிருந்து முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. அதற்குச் சற்றுமுன் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டும் தெருவில் நாய் குறையவில்லை என்பதே அந்த அமைப்பின் வாதம். நாயைப் பிடித்த தெருவில் குப்பையும் எச்சில் இலையும் அப்படியே கிடக்கின்றன. காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் வருகிறது. புதிதாக வருவது ஊசி போடாத நாய். மந்தையில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொல்லும் கயிற்றைவிட ஊசி மலிவாகவும் வலிமையாகவும் தெரிந்தது. 2001இல் நாடு முழுமைக்குமான விலங்குக் கருத்தடை விதிகள் வந்தன. இதில் அதிகம் பேசப்படாத பக்கவிளைவு ஒன்று உண்டு. பெண் நாயின் வயிற்றைச் சிறிதாகத் திறந்து, கருப்பையை எடுத்து, தையலிட்டு மூடும் அறுவை அது. நாளுக்குப் பல நாய்கள் என்று ஆண்டுக்கணக்கில் செய்த கை, எந்தப் புத்தகமும் தராத தேர்ச்சியைப் பெறும். இன்று நகரத்துக் கிளினிக்கில் லேப்ரடாருக்கு நடக்கும் அறுவையின் நிதானம், தெருநாயின் வயிற்றில் பயின்ற நிதானம்.

ஆய்வகத்திலும் நாயின் நலம் மனித நலத்தோடு பின்னிக்கொண்டே வளர்ந்தது. நாய்க்குட்டிகளைக் கொன்றுகுவித்த டிஸ்டெம்பர் நோய் ஒரு வைரஸால் வருகிறது என்று பிரான்சில் ஹென்ரி காரே 1905இல் காட்டினார். 1920களில் இங்கிலாந்தில் லெய்ட்லாவும் டங்கினும் அதற்குத் தடுப்பூசி கண்டார்கள். நரிவேட்டை நாய்களை வைத்திருந்த கனவான்கள் அந்த ஆய்வுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. அரசின் மருத்துவ ஆய்வுக் குழு அதில் இறங்கியதற்குக் காரணம், டிஸ்டெம்பர் மனிதரின் இன்ஃபுளுவென்சாவைப் போலிருந்ததுதான். அந்த ஆய்வில் பழகிய ஃபெரட் என்ற கீரிபோன்ற சிறு விலங்கில்தான் 1933இல் மனித இன்ஃபுளுவென்சா வைரஸும் முதன்முதலாக அகப்பட்டது. இன்னொரு உறவும் உண்டு. டிஸ்டெம்பர் வைரஸும், மாட்டின் வெக்கை நோய் வைரஸும், நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை வைரஸும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். கால்நடைக் கல்லூரிகளை உருவாக்கிய வெக்கை நோய் உலகைவிட்டே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. தட்டம்மைக்கும் டிஸ்டெம்பருக்கும் இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். மாட்டு நோய், நாய் நோய், மனித நோய் என்று நாம் போட்ட வரப்பு கிருமிக்குத் தெரியாது. வேப்பேரியில் மாட்டு நோய்க்காகப் பழகிய ஆய்வு முறைகளும் இப்படி வரப்பைத் தாண்டின. 1978இல் உலகெங்கும் திடீரெனத் தோன்றி, குட்டிகளை இரத்தப்போக்கில் சாகடித்த பார்வோ நோய் சில ஆண்டுகளிலேயே சென்னையில் கண்டறியப்பட்டது.

கட்டடமும் ஆய்வகமும் மாட்டிடமிருந்து வந்ததால் சிந்தனைப் பழக்கமும் கூடவே வந்தது. அதைக் கழற்றி எறிவது எளிதாக இருக்கவில்லை. மாட்டு மருத்துவம் மந்தைக் கணக்கு: ஒன்று செத்தால் அதை அறுத்துப் பார்த்து மற்ற நாற்பதைக் காப்பாற்றுவது. ஒரு வீட்டில் இருப்பது ஒரே நாய். அதை அறுத்துப் பார்த்து யாரைக் காப்பாற்றுவது? அளவும் குறுக்கே நின்றது. முந்நூறு கிலோ பசுவுக்கு மருந்தின் அளவு கொஞ்சம் முன்பின் போனால் பசு தாங்கும். மூன்று கிலோ பொமரேனியனுக்கு ஒரு சொட்டே ஆளை முடித்துவிடும். எடைக்கு வகுத்துக் கொடுத்தால் போதாதா என்றால் அதுவும் போதாது. 1981இல் மாடு, குதிரைகளின் புழுவுக்கும் உண்ணிக்கும் வந்த ஐவர்மெக்டின் அருமருந்து. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு அதே மருந்து மூளையைத் தாக்கும் நஞ்சாயிற்று. அதற்கான மரபணுக் கோளாறு 2001இல்தான் வெளிப்பட்டது. நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு எமன். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் அநேகமாக இல்லை. நாயைச் சிறிய மாடாகவும் பூனையைச் சிறிய நாயாகவும் பார்த்த காலத்தில் எத்தனையோ உயிர் போயிருக்கும். செல்லப்பிராணி மருத்துவம் தனித்துறை ஆனது இந்தப் பிழைகளிலிருந்து பாடம் கற்ற பிறகுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சமண, பார்சி மரபுகளின் உயிரிரக்கம் எங்கே போயிற்று? அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர் பாண்டியர் நாடுகள் உட்பட எங்கும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்ததாகச் சொல்லவில்லையா? பம்பாயில் 1832இல் தெருநாய்களைக் கொல்வதை எதிர்த்துப் பார்சிகள் கலகமே செய்யவில்லையா? எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கலகத்தின் பின் 1834இல் எழுந்தது பிஞ்சராபோல் என்னும் காப்பகம். கொல்லாமல் வைத்திருந்து சோறுபோடுவது அதன் தர்மம். நோயை அறிந்து தீர்ப்பது வேறு வேலை. அதற்குக் கல்லூரி வேண்டும், ஆய்வகம் வேண்டும், சம்பளம் கொடுக்கும் அரசு வேண்டும். கருணைக்கு விலங்கைச் சாகவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தது. குணப்படுத்தும் கருவி அதனிடம் இருக்கவில்லை. தஞ்சைச் சரபோஜி மன்னரின் தன்வந்திரி மஹாலில் மனிதரோடு விலங்குகளுக்கும் மருந்து செய்ததுண்டு. அரண்மனை மதிலைத் தாண்டி அது ஊர்தோறும் மருந்தகமாகப் பெருகவில்லை. வேட்டை நாய் வைத்திருந்த ஜமீன்களும் மடிநாய் வளர்த்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் நாய் வைத்தியரைத் தேடியிருக்கிறார்கள். ஆனால் பத்து பங்களாக்களின் தேவை ஒரு தொழிலைப் பிழைக்கவைக்கலாமே தவிர, ஒரு மாநிலத்தில் ஊருக்கு ஊர் மருந்தகம் திறக்கவைக்காது. அதைச் செய்தது மாடு.

இன்றைய நிலையைக் காட்டி இன்னொரு மறுப்பும் சொல்லலாம். சென்னையிலும் கோவையிலும் ஸ்கேன், டயாலிசிஸ், பல் வைத்தியம் என்று செல்லப்பிராணிகளுக்காகவே தனியார் கிளினிக்குகள் பெருகியிருக்கின்றன. இவற்றை நடத்துவது அன்பும் பணமும் தானே? நடத்துவது அவைதான். ஆனால் அந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் அரசுக் கல்லூரியில், அரசுச் செலவில், மாட்டின் குடலையும் ஆட்டின் குளம்பையும் தொட்டுப் படித்தவர்கள். அவர்கள் அன்றாடம் பார்க்கும் உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளலாம். எர்லிக்கியா என்ற அந்தக் கிருமி 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் அதனால் மடிந்தபோதுதான் உலகம் அதை உற்றுப் பார்த்தது. இன்று ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்து, டாக்சிசைக்கிளின் எழுதிக்கொடுத்து நாயைப் பிழைக்கவைக்க முடிகிறது என்றால், அந்த அறிவின் விலையை முன்பே வேறு யாரோ கட்டிவிட்டார்கள். குளிரூட்டிய கிளினிக் மேல்மாடி. அஸ்திவாரம் போட்டது அரசுப் பணத்தில்.

கடைசியாக, எளிதில் ஒதுக்கமுடியாத ஒரு கேள்வி. கறவை மாடு ஒன்றே சொத்தாக இருக்கும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில், அரசு டாக்டரின் நேரத்தை நாய்க்கும் பூனைக்கும் செலவிடலாமா? கோமாரியில் துவளும் பசுவும் காலில் முள் குத்திய நாயும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றால் பசுவுக்கே முதலிடம்; அதில் விவாதமில்லை. ஆனால் அந்த நாய் ஊசி போடாத நாயாக இருந்தால், அதை மேசைமேல் ஏற்றி ஊசி போடுவது பசுவுக்கும் செய்யும் பணிவிடை. வெறிபிடித்த நாய் மனிதனை மட்டும் கடிப்பதில்லை. தொழுவத்து மாட்டையும் கடிக்கிறது, வெறிநோய் தொற்றிய மாடு பிழைப்பதில்லை. நாய்க்கும் மாட்டுக்கும் இடையே போட்டி இருப்பதாகத் தோன்றுவது டாக்டரின் நேரத்தை மட்டும் பார்க்கும்போது. நோயின் பாதையைப் பார்த்தால் இருவரும் ஒரே வரிசையில் நிற்கும் நோயாளிகள்.

இந்த வரலாற்றை நாள்காட்டியே சுருக்கி வைத்திருக்கிறது. அரசு மருந்தகங்களில் நாய், பூனைகளுக்கு இலவச ரேபிஸ் தடுப்பூசி முகாம் வழக்கமாக நடக்கும் நாட்கள் இரண்டு. ஒன்று ஜூலை 6, விலங்குவழிப் பரவும் நோய்களுக்கான உலக நாள். சிறுவன் மைஸ்டருக்கு ஊசி போட்ட நாள் அது. இன்னொன்று செப்டம்பர் 28, உலக ரேபிஸ் நாள். பாஸ்டர் இறந்த நாள். நாயைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தத் தேதிகளின் கதை தெரிந்திருக்கவேண்டிய கட்டாயமில்லை. மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கேட்டுப் போனாலும், முதலில் காட்டச் சொல்வது ரேபிஸ் ஊசிச் சான்றைத்தான். அது அழகான நாயா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆகையால் மாட்டாஸ்பத்திரி என்ற பெயரை நாகரிகக் குறைவென்று யாரும் மாற்றவேண்டாம். வாசலில் நிற்கும் அந்த இரும்புச் சட்டத்தைத் தாண்டித்தான் நாய் மேசைக்குப் போகிறது. போன வழியை அந்தப் பெயராவது சொல்லிக்கொண்டிருக்கட்டும்.